முதுமையும் மூச்சும்



தமிழ்நாட்டில் கொரோனாத் தொற்று முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது 2020 மார்ச் 7ஆம் நாள். அதற்கு ஆளானவர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த நடுவயதினர். சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், சில நாட்களில் நலம்பெற்றார். பின்வந்த மாதங்களில் மருத்துவமனை வாசலை மிதித்த முதியோர் பலருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதன் காரணம் அறியத்தக்கது.

தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் 84,965 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 5 முதல் 17 வயதுக்குட்பட்ட நோயாளிகளில் இறந்தோர் நூற்றுக்கு 0.05, 85 வயதைக் கடந்தோரில் 16.6. இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருந்தது. மருத்துவமனையில் உயிர்நீத்தோரில் பாதிப்பேர் சேர்ந்த 5 நாட்களுக்குள் மறைந்தனர். அமெரிக்காவில் அக்காலம் 13 நாட்கள். நோய் முற்றியபின் வந்து சேர்ந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

முதியோர் உடலில் காய்ச்சல் ஓங்கித் தெரிவதில்லை. சோர்வு, உணவில் வெறுப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவையே முதற்குறிகளாகலாம். இரத்தத்தில் உயிர்வளி குறைந்தும் மூச்சுத்திணறல் உணரப்படாதிருப்பதுண்டு. "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். காஞ்சியின் நெசவாளர் இல்லங்களில் தறி நிற்கும் கூடமே பலர் உறங்கும் இடம். தார் சுற்றும் பாட்டியும் வெளியே சென்றுவரும் பேரனும் ஒரே காற்றை மூச்சாக்குகின்றனர். அங்கே தனித்திருத்தல் எளிதன்று. ஆகவே விழிப்பு இருமடங்கு வேண்டும்.

சமணக் குடும்பத்து முதியோருக்கு மற்றொரு தயக்கமும் உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை, கிழங்கு விலக்கல் என வாழ்நாளெல்லாம் காத்த ஒழுக்கம் மருத்துவமனையில் குலையுமோ என்பதே அது. உற்றாரும் உடனிருக்க இயலாத அந்நாட்களில் இவ்வச்சம் பெரிதாயிற்று. அதனை எள்ளுதல் தகாது. உண்ணும் நேரம், விலக்கும் உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்தால், சேரும்போதே மருத்துவரிடம் அளிக்கலாம். பெரியவரின் மனமும் அமைதியுறும்.

சல்லேகனை, தெளிந்த அறிவோடும் ஆசாரியர் வழிகாட்டலோடும் ஏற்கப்படும் நோன்பு. தீர்க்கத்தக்க நோயைக் கவனியாது விட்டு ஒருவரை மூச்சுமுட்ட வைத்தல் நோன்பாகாது. கவனமின்மையால் உயிருக்கு நேரும் ஊறும் ஹிம்சையே என்பது ஜைன நூல்களின் துணிபு.

60 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி 2021 மார்ச் 1ஆம் நாள் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை இல்லத்திற்கே கொணர்கிறது. இவ்விரண்டையும் கட்டுக்குள் வைத்திருத்தல் அடுத்த தொற்றுக்கு எதிரான அரணாகும். தொற்றுக் காலத்தில் விரல்நுனியில் பொருத்தும் ஆக்சிமீட்டர் காட்டும் அளவு 94க்குக் கீழே இறங்கினால், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

பெற்றோரின் பாதம் பணிவது பிள்ளைகளின் மரபு. அவர்களின் மூச்சையும் நாள்தோறும் கேட்டறிவது அம்மரபின் நிறைவாகும்.