பெயர் தெரியாதவருக்கு ஒரு புத்தகம்



அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்றோர் ஊர். அங்கே வாழ்ந்தவர் டாட் போல். அவருடைய தாயார் ஆசிரியை. புத்தகம் என்றால் அவருக்கு உயிர். தாயார் மறைந்தபின், அவர் நினைவாக 2009-ஆம் ஆண்டு, கார் கொட்டகையின் பழைய கதவுப் பலகையை அறுத்து, சின்னஞ்சிறு பள்ளிக்கூடம் போன்ற ஒரு பெட்டியைச் செய்தார் மகன். அதைக் கம்பத்தில் பொருத்தி வீட்டு வாசலில் நட்டு, உள்ளே புத்தகங்களை அடுக்கினார். பூட்டு இல்லை, பதிவேடும் இல்லை. வழியில் போகிற எவரும் எடுத்துக்கொள்ளலாம். மனமிருந்தால் ஒன்றை வைத்துவிட்டும் போகலாம். செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி கட்டிக்கொடுத்த நூலகங்கள் 2,509. அதைவிட ஒன்றேனும் கூடுதலாக இப்பெட்டிகளை வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். 2018-இல் அவர் இறந்தார். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

இதற்கும் முன்பே, 2001-இல், 'புக்கிராசிங்' என்ற பழக்கம் அங்கே தொடங்கியது. அதற்குப் பெட்டிகூட வேண்டாம். வாசித்த புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதி, பூங்கா இருக்கையிலோ இரயில் நிலையத்திலோ விட்டுவிட வேண்டியதுதான். எடுத்தவர் அந்த எண்ணை இணையத்தில் பதிந்தால், விட்டவருக்குத் தெரியவரும். பெரும்பாலும் செய்தி எதுவும் வருவதில்லை. மழையில் நனைந்ததா, குப்பைக்குப் போனதா, யாரேனும் விடிய விடியப் படித்தாரா, தெரியாது.

இந்தத் 'தெரியாது' நமக்குக் கடினம். ஆலயத்துக்குக் கொடுத்த மின்விசிறியின் இறக்கையில் பெயரை எழுதிவிட்டு, அதை வாசிப்பதற்காக விசிறியை நிறுத்தச் சொல்லும் மக்கள் அல்லவா நாம்! மாற்கு நற்செய்தி மட்டுமே சொல்லும் ஓர் உவமை உண்டு. விதைத்தவர் தூங்குகிறார், எழுகிறார். விதை எப்படி முளைக்கிறது என்று அவருக்கே தெரியாது. முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்ப்பவர் அறுவடை செய்யமாட்டார்.

1521-இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுத்திருந்த இஞ்ஞாசியார், வீரர்களின் சாகசக் கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை புனிதர்களின் வரலாறும், கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும். பின்னதை எழுதிய லுடோல்ஃப் என்ற துறவி மறைந்து அப்போதே நூறாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தம் நூல் யாரைத் தேடிப்போய்ச் சேர்ந்தது என்பதை அவர் இவ்வுலகில் அறியவில்லை.

வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய கைடுகளையும், பூச்சி அரித்த வார இதழ்களையும் கொண்டுபோய் வைப்பது கொடை அல்ல, ஒட்டடை அடிப்பது. எந்தப் புத்தகத்தை எடுக்கும்போது கை சற்றுத் தயங்குகிறதோ, அதை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்தில் வைப்பதானால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'இது யாரும் தவறவிட்டதல்ல, எடுத்துக்கொள்ளலாம்' என்று மேலே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் நல்ல மனிதர் ஒருவர் அதை நடத்துநரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிடுவார்.