கல்வி வளாகங்களில் மனநலம்: உரிமையும் தோழமையும்

(மாணவர் அரங்கில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கட்டணம், உதவித்தொகை, விடுதி வசதி, மாணவர் பேரவைத் தேர்தல் ஆகியவை குறித்து நமது முகாம்களில் விரிவாக விவாதிக்கிறோம். மாணவர்களின் மனநலத்திற்கென ஒரு முழு அமர்வை ஒதுக்குவது அரிதாகவே நடக்கிறது. "இது தனிநபர் விஷயம்; இதில் அரசியல் அமைப்புக்கு என்ன வேலை?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. "சமூகம் மாறினால் இதுவும் மாறும், அதுவரை போராட்டமே மருந்து" என்று சொல்லும் தோழர்களும் உண்டு. இவ்விரு பார்வைகளும் ஏன் தவறானவை, நமது கிளைகள் நடைமுறையில் என்ன செய்ய முடியும் என்பதை இன்று பேச விரும்புகிறேன்.

பிரச்சனையின் அளவு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2013ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 8,423 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். 2023இல் இந்த எண்ணிக்கை 13,892. நாளொன்றுக்குச் சராசரியாக 38 பேர். பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் என அனைவரும் இதில் அடங்குவர். காவல்துறையில் பதிவானவை மட்டுமே இக்கணக்கில் வருகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உயிரிழப்பு என்பது இப்பிரச்சனையின் கடைசி முனை. அதற்கு முன்னால், வகுப்புக்கு வராமல் விடுதி அறையிலேயே முடங்கிக் கிடப்பவர்கள், இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பவர்கள், படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்புபவர்கள் எனப் பெருங்கூட்டமே இருக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்புகளுக்கு உரிய சிகிச்சை பெறாதோரின் விகிதம், பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. நோயை விடச் சிகிச்சையின்மையே பெரிய கொடுமையாக இருக்கும் நாடு இது.

சுமை எங்கிருந்து வருகிறது?

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. உடல்கூறு, குடும்பச் சூழல், தனிப்பட்ட இழப்புகள், நோய் எனப் பலவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. "தேர்வு பயம்", "காதல் தோல்வி" என்று ஒரே வரியில் முடித்துவிடும் செய்திகள் உண்மையைச் சொல்வதில்லை. அதே நேரத்தில், தனிப்பட்ட துயரத்தைத் தாங்க முடியாத சுமையாக மாற்றும் சமூகச் சூழலை நாம் காணாமல் இருக்கவும் முடியாது.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் சுமார் 4.33 கோடி மாணவர்கள் உள்ளனர். இவர்களில் ஏராளமானோர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையினர். ஜார்க்கண்டின் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளோ, பீகாரின் ஒரு குத்தகை விவசாயியின் மகனோ டெல்லிக்குப் படிக்க வரும்போது, புத்தகப் பையோடு குடும்பத்தின் கடனையும் சுமந்துதான் வருகிறார்கள். இதுவரை தாய்மொழியில் படித்தவர் ஒரே வாரத்தில் ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்படுகிறார். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. உணவகக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் காத்திருப்பதில்லை. தோல்வியடைந்தால் திரும்பிச் செல்ல இன்னொரு வழி இல்லை என்ற நிலையில், ஒரு பாடத்தில் பெறும் குறைந்த மதிப்பெண்கூட வாழ்வா சாவா என்ற கேள்வியாகத் தோன்றுகிறது.

இதன் மீது சாதி வந்து அமர்கிறது. உயர்கல்வி நிறுவன விடுதிகளில் முதல் நாளிலேயே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பார்கள். பல நேரங்களில் அது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி அல்ல. சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் பாயல் தத்வியை 2019 மே 22 அன்று மும்பையில் இழந்தோம். இவ்விருவரின் தாய்மார்களும் 2019இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார்கள். வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து படிப்பை இடையில் விட்ட பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை 13,626. இவர்களில் சிலர் வேறு படிப்புக்கோ வேலைக்கோ சென்றிருக்கலாம். ஆனால் எத்தனை பேர் சோர்ந்து, அவமானப்பட்டு வெளியேறினார்கள் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இரண்டு தவறான பார்வைகள்

மனநலத்தைத் தனிநபரின் பலவீனமாகப் பார்ப்பது முதல் தவறு. இன்று பல நிறுவனங்கள் இதைத்தான் நயமாகச் செய்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை யோகா வகுப்பு, "நேர்மறைச் சிந்தனை" பற்றிய சொற்பொழிவு, அவ்வளவுதான். உதவித்தொகை வந்ததா, பாகுபாடு குறித்த புகார் விசாரிக்கப்பட்டதா என்ற கேள்விகள் எழுவதில்லை. கார்ல் மார்க்ஸ் 1846இலேயே, பாரிஸ் காவல்துறை ஆவணக் காப்பாளராக இருந்த பூஷேயின் குறிப்புகளைத் தொகுத்து, தற்கொலை குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். குடும்பத்திற்குள் நிகழும் தனிப்பட்ட துயரங்களும் சமூக அமைப்பின் நோயைக் காட்டும் அறிகுறிகளே என்ற பார்வை அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் சமூகக் காரணத்தில் கரைத்துவிடுவது இரண்டாவது தவறு. காசநோய்க்கும் வறுமைக்கும் தொடர்பு உண்டு என்பது நமக்குத் தெரியும். அதற்காகக் காசநோயாளித் தோழரிடம் "வறுமை ஒழியட்டும், பிறகு மருந்து சாப்பிடலாம்" என்று சொல்வோமா? மனச்சோர்வும் சிகிச்சை தேவைப்படும் நோய். சோர்வுற்ற ஒரு தோழரைப் பார்த்து "குட்டி முதலாளித்துவ மனநிலை" என்று முத்திரை குத்துவது மார்க்சியம் ஆகாது. அது அவரது வாயை அடைக்கும் வேலை. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

மாணவர் தம்மைக் காத்துக்கொள்ள

எளிய விஷயங்களிலிருந்தே தொடங்க வேண்டும். உறக்கம், நேரத்திற்கு உணவு, தினமும் சிறிது நடை அல்லது விளையாட்டு, மனம்விட்டுப் பேச ஒருவர் ஆகிய நான்கும் ஆடம்பரங்கள் அல்ல. தேர்வு நாட்களில் முதலில் பறிபோவது உறக்கம். அதோடு நினைவாற்றலும் போகிறது. ஊரிலிருந்து வந்த புதிய மாணவர் வாரத்தில் ஒரு முறையாவது தாய்மொழியில் பேசிச் சிரிக்க ஓர் இடம் இருந்தால், அதுவே பெரிய ஆறுதல்.

கவலையும் சோகமும் எல்லோருக்கும் வரும். ஆனால் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், விருப்பமானவற்றில்கூட நாட்டம் இல்லாமல் போனால், உறக்கமும் பசியும் மாறினால், தன்னையே பயனற்றவராக நினைக்கத் தொடங்கினால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகச் சென்று பார்க்கலாம். மருந்து தரப்பட்டால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உடனிருப்பவரின் கடமை

சக மாணவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டால், "ஏன் வேலை செய்யவில்லை?" என்று விளக்கம் கேட்பதற்கு முன்னால், "எப்படி இருக்கிறீர்கள், தோழர்?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அறிவுரையும் ஒப்பீடும் அப்போது வேண்டாம்.

"சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. கனிவோடு கேட்கப்படும் அக்கேள்வி, பூட்டி வைத்த சுமையை இறக்கி வைக்கும் வாய்ப்பாகவே அமைகிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். நம்பிக்கைக்குரிய உறவினருக்கோ ஆசிரியருக்கோ தெரிவித்து, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். முகவரி எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது. பதிவுச் சீட்டு வரிசையில் அவரோடு நிற்பதுதான் தோழமை.

உயிராபத்து இருந்தால் உதவியை அழைத்தே தீர வேண்டும். மற்றபடி அவர் சொன்னது அவருடையது. அது கிளைக் கூட்டத்தின் விவாதப் பொருளாகவோ, தேநீர்க் கடைப் பேச்சாகவோ மாறக் கூடாது.

சட்டமும் கோரிக்கைகளும்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசின் நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அங்கீகரிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆவது பிரிவு. வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் குடும்பங்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலம் குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மனநலம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறி, 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

காகிதத்தில் இருப்பது வளாகத்தில் இருக்கிறதா என்று கேட்பது நமது வேலை. ஒவ்வொரு கிளையும் தனது கல்லூரியில் ஒரு கணக்கெடுப்பை நடத்தட்டும். ஆலோசகர் இருக்கிறாரா? நிரந்தரப் பணியிடமா, ஒப்பந்தமா? மாணவர் பேசும் மொழி அவருக்குத் தெரியுமா? அவரிடம் சொன்னது நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்ற உறுதி உண்டா? சாதிப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், ராகிங் ஆகியவற்றுக்கான குழுக்கள் கூடுகின்றனவா? உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவை? இந்தக் கேள்விகளுக்கான விடைகளிலிருந்தே அந்தந்த வளாகத்தின் கோரிக்கைப் பட்டியல் பிறக்கும். உதவித்தொகைக்கான போராட்டம் மனநலத்திற்கான போராட்டமும்தான்.

அமைப்புக்குள்

கடைசியாக, நம்மைப் பற்றி. நள்ளிரவு வரை கூட்டம், அதிகாலையில் சுவரொட்டி, இடையில் இடைநீக்க அறிவிப்பு, வழக்கு, வீட்டிலிருந்து வரும் அழுத்தம் என்பதே நமது மாணவத் தோழர்கள் பலரின் அன்றாடம். தேர்வுக் காலத்தில் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளவும், ஓய்வு கேட்பவருக்குக் குற்றவுணர்வு ஏற்படாமல் ஓய்வு தரவும் கிளைச் செயலாளர்கள் கற்க வேண்டும்.

ஒரு மாணவரை இழக்கும்போது நீதி கேட்டுப் போராடுவோம். ஆனால் தற்கொலையைத் தியாகமாகவோ போராட்ட வடிவமாகவோ நமது மேடைகளும் சுவரொட்டிகளும் ஒருபோதும் உயர்த்திப் பேசக் கூடாது. இறந்த விதத்தை விவரிக்கவும் கூடாது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் அதே வலியோடு ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவருக்கு நாம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான்: இந்த இயக்கத்திற்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கணக்கெடுப்பைச் சேருங்கள். கூட்டம் முடிந்ததும், சில வாரங்களாக வராத தோழரின் அறைக் கதவைத் தட்டுங்கள். இரண்டும் கட்சி வேலைதான்.