பொதுச் சுடுகாட்டில் குழி வெட்டுவது யார்?

(தாம்பரத்தில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுடுகாட்டைப் பத்திப் பேசறேன்னு சொன்னதும், கூப்பிட்ட தோழர் கொஞ்சம் தயங்கினார். நிலம், கல்வி, இடஒதுக்கீடுன்னு எவ்வளவோ இருக்க, செத்தவங்களைப் பத்தி என்ன பேச்சு என்றார். சுடுகாடும் நிலம்தான் தோழர் என்று சொன்னேன். எல்லாருக்கும் கடைசியில் ஆறடி என்று தத்துவம் பேசுகிறார்கள். அந்த ஆறடி மேட்டிலா பள்ளத்திலா, பிணம் எந்த வழியாகப் போகணும், குழியை யார் வெட்டணும் என்பதையெல்லாம் சாதிதான் முடிவு செய்கிறது. அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் வெட்டியான் மகன். தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டின ஒரு சேரி எங்களுது. ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போறது, மேளம் அடிக்கறது, குழி வெட்டறது, பொணம் வேகற வரைக்கும் காவல் கிடக்கறது எல்லாம் எங்க நைனா. கூலின்னு பேசிக் கொடுத்தது கிடையாது. பொணத்து மேல போட்ட துணி, கொஞ்சம் அரிசி, சில்லறை, சாராயம். சாராயம் எதுக்குன்னு சின்ன வயசுல எனக்குப் புரியல. குடிக்காமல் ஒரு மனுசன் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது கொடுக்கிறவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஊர்ச் சுடுகாடு மேட்டில். எங்களுது ஏரி உள்வாய்க்குப் பக்கத்துல, பள்ளத்துல. நைனா மேட்டுல வெட்டின குழிக்குக் கணக்கே இல்ல. அவர் செத்தது ஒரு ஐப்பசி அடைமழையில. பள்ளத்துல மூணடி தோண்டினதும் தண்ணி ஊறுது. நானும் தம்பியும் குடத்தால மொண்டு மொண்டு ஊத்தறோம், ஊறிக்கிட்டே இருக்குது. கடைசியில தண்ணியிலதான் இறக்கினோம். மிதந்து மேல வந்துடப் போறார்னு கல்லை வெச்சு மண்ணைத் தள்ளினோம். கூப்பிடு தூரத்துல மேடு தண்ணி நிக்காமக் கிடந்தது. அங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாம்னு எங்க யாருக்கும் தோணக்கூட இல்ல. தோணலைங்கறதுதான் இன்னைக்கும் என்னைச் சுடுது.

பிறகு நகரம் வந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதுக்கும் தெற்கே எங்க பக்கத்து வயலும் மனையாச்சு, அடுக்குமாடி வந்தது. மேட்டுச் சுடுகாட்டு வாசலில் ‘பொது மயானம்’ என்று பலகை வைத்தார்கள். உள்ளே போய்ப் பாருங்க. இந்த மூலை இன்னாருக்கு, அந்த மூலை இன்னாருக்கு. எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். குழி வெட்டறது மட்டும் இன்னமும் நாமதான். இப்ப அதுக்குப் பேரு கான்ட்ராக்ட். குடிவந்தவங்க புகை வருது, சுடுகாட்டையே தூக்குன்னு மனு போடறாங்க.

பக்கத்தில் பல்லாவரம் குன்றைப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்களைப் புதைத்த, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழையை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ அங்கேதான் கண்டெடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். அந்த அக்கறையில் கொஞ்சம் நேற்றுச் செத்த சேரிக்காரன் மேலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவில் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. 92 வருஷம் கழித்து, 2016 ஜனவரியில், மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலை வழுவூர் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்லலாம் என்று உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. என்ன நடந்தது? போலீசே உடலை எடுத்துக்கொண்டுபோய் வேறு வழியில் புதைத்தது. உயிரோடு நடக்கிற உரிமையைப் பாடையில் போகிறவனுக்குக் கொடுக்க அரசாங்கத்துக்கே தைரியம் இல்லை.

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் உடலைச் சென்னையில் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. நண்பரான மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். நாடே பதறியது. பதற வேண்டியதுதான். நாமும் பதறினோம். ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, மூணு வருஷம் வரைக்கும் சிறை என்றார்கள். தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே சுடுகாடு, இடுகாடு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்திலும் இருக்கிறது. அதுக்காக இந்த நாடு எந்த இரவில் பதறியது?

இப்போது நமக்குள்ளேயே பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதையை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். படம் வெளியே வந்ததும் அதிகாரிகள் ஓடிவந்தார்கள். வந்து அந்தக் காலனிக்குத் தனிச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கினார்கள். தனியாக ஒதுக்குவதன் மூலம் அரசே பிரிவினையை வளர்க்கவில்லையா என்று உயர்நீதிமன்றம் கேட்டது. அந்தக் கேள்வி நம்மைப் பார்த்தும் கேட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன்னா, நைனா செத்த வருஷம் ‘எங்கள் சேரிக்குத் தனிச் சுடுகாடு, தனிப் பாதை வேண்டும்’ என்று மனு எழுதினவன் நான். தண்ணியில புதைச்ச கையால எழுதினேன். புதைக்க இடம் இல்லாதவன் அப்படிக் கேட்பது குற்றமில்லை. இன்றைக்குப் பிணம் கிடக்கிறவனிடம் போய்க் கொள்கை பேச முடியாது. ஆனா இயக்கம் அந்த மனுவோட நின்னுடக் கூடாது. தனிச் சுடுகாடு கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் தோழர்களே. அவனுக்கு வேண்டியதும் அதுதான். சுத்தி ஒரு சுவரும் சேர்த்துக் கட்டித் தருவான்.

சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. குற்றம் செய்யாமல் இருப்பதற்குப் பரிசு! கொடுக்கட்டும். பரிசு வாங்காத ஊர்களில் எத்தனை வழக்கு பதிவாகியிருக்கிறது என்றும் சொல்லட்டும்.

மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்ச் சுடுகாட்டைப் போய்ப் பாருங்கள். எத்தனை சுடுகாடு, பாதை யார் நிலத்தில், தண்ணீர் நிற்பது எதில், குழி வெட்டுவது யார் என்று குறித்து வாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேளுங்கள். சுடுகாட்டுப் புறம்போக்கு என்று கணக்கில் இருந்தால் அது எல்லாருக்கும் சொந்தம். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த மனுவை எழுதணும்.

அந்த மனுவில் இரண்டே கோரிக்கை. ஒரே சுடுகாடு. குழி வெட்டற வேலை, எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுத்து, மாதச் சம்பளத்தோட அரசு வேலை. இதுல ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதாது. ஒரே சுடுகாட்டில் இடம் கிடைத்து, அங்கேயும் எல்லாருக்கும் குழி வெட்டுவது நாம்தான் என்றால், நைனா இருந்த இடத்திலேயேதான் நாமும் நிற்கிறோம்.

என் தம்பி மகன் இப்ப பிளஸ் டூ படிக்கிறான். அவனையும் ஒருநாள் ஒருத்தர் வந்து கூப்பிட்டிருக்கார், “சாவு விழுந்திருக்குது, வாடா”ன்னு. “யார் செத்தாலும் துக்கம்தான். வந்து துக்கம் கேக்கறேன். குழி வெட்ட வரமாட்டேன்”னு சொல்லியிருக்கான். மேட்டைப் பார்த்து எனக்குத் தோணாதது அவனுக்குத் தோணியிருக்குது.

ஜெய்பீம்.