எரிகாயமும் கொள்ளைநோயும்



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியிலே, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தால் பிலிமத்தலாவை வரும். வீதியோரத்துப் பித்தளைக் கடைகளைக் கண்டிராதவர் சிலரே. அங்கு ஒளிரும் குத்துவிளக்குகளுக்குப் பின்னால் உலையும், உருகிய உலோகமும், அதை வார்க்கும் கைகளும் உண்டு. அத்தகைய தொழிலாளி ஒருவர், 2021ஆம் ஆண்டிலே, கொவிட் நோய் கண்டிருந்த வேளையில் தீயிற் சிக்கினார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர்கள் என்ன செய்வார்கள்?

முதற் சங்கடம் நீரைப் பற்றியது. தோல் பெரிதும் வெந்துபோனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை நாளத்தின் வழியே ஈடுசெய்யாவிடின் சிறுநீரகங்கள் செயலிழக்கும். வழக்கிலுள்ள ஒரு கணக்கின்படி, 60 கிலோ எடையுள்ளவரின் உடற்பரப்பில் 30 வீதம் வெந்திருந்தால், முதல் 24 மணித்தியாலங்களில் ஏறக்குறைய 7 லீற்றர் வேண்டும்; அதிற் பாதி, காயம்பட்ட நேரத்திலிருந்து 8 மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும். கொவிட் தாக்கிய நுரையீரலோ மிகுதியான நீரைத் தாங்காது. தோல் கேட்பதை நுரையீரல் மறுக்கிறது! ஆகவே கணக்கைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கு மணி சிறுநீரை அளந்து, நீரைக் கூட்டியும் குறைத்தும் வருவார்கள். இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து செய்யவேண்டிய வேலை அது.

அடுத்தது மயக்கம் தருகின்ற அறிகுறிகள். கடும் எரிகாயம், கிருமி எதுவும் இல்லாமலே காய்ச்சலை உண்டாக்கும். புகையைச் சுவாசித்தவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வரும். இவை கொவிட்டின் அடையாளங்களும் அல்லவா? கண்ணால் பிரித்தறிய இயலாது. பரிசோதனை செய்தே தீரவேண்டும். அதன் முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கவும் முடியாது. தொற்று இருப்பதாகவே கொண்டு, முழு அங்கியுடன் தொடங்கிவிடுவார்கள்.

காயத்துக்கு மருந்து கட்டுவது நெடுநேர வேலை. பலர் நோயாளியை நெருங்கி நிற்கவேண்டும். வேதனையால் அவர் அலறும்போது மூச்சு அவர்கள்மீதே படும். தோலை இழந்த உடம்பு சூட்டையும் இழந்துவிடுமாதலால் அறையைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்திலே அங்கியும் முகக்கவசமும் அணிந்து நிற்கும் தாதிமாரின் பாட்டை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

கொள்ளைநோயே எரிகாயத்துக்குக் காரணமானதும் உண்டு. ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்ததை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர வைத்தியர்கள் 2020இல் எடுத்துரைத்தார்கள். ஆவி பிடிக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கும் புதிதன்று.

எரிந்த இடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். பின்பு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிலிமத்தலாவையிலிருந்து பேராதனைப் போதனா வைத்தியசாலை தொலைவில் இல்லை. காய்ச்சலோ இருமலோ முன்னரே இருந்திருந்தால் அதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வண்டி வந்து சேருமுன் அவர்கள் தனியறையை ஆயத்தம் செய்துகொள்வார்கள்.