டம்மி நம்பர் இல்லாத விடைத்தாள்



தணிகை மலைப் படிகள் 365-ம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, கிறிஸ்தவ நம்பிக்கை அன்றாட நடத்தையில் எப்படித் தெரிய வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். மண்டபம் மாறி வந்துவிட்டேனோ என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கிறிஸ்தவர்கள் மட்டும் கூடிய இடத்தில் இதைப் பேசுவது சுலபம். ஆமென் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் ஒரு நம்பிக்கை எப்படிப்பட்டது என்பதற்கு அதற்குள்ளேயே இருப்பவர்களின் சாட்சி போதாது. கடைச்சரக்கு நல்லதா என்று கடைக்காரரிடமா கேட்போம்? வெளியிலிருந்து போய், அந்த நம்பிக்கைக்காரர்களிடம் படித்து, வைத்தியம் பார்த்து, கொடுக்கல் வாங்கல் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தகுந்த ஒருவர் இந்தத் திருத்தணியிலேயே பிறந்திருக்கிறார்.

அவர் பிறந்த 1888 செப்டம்பர் 5 என்றால் உங்களுக்கு ஆசிரியர் தினம்தான் நினைவுக்கு வரும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் எங்கே படித்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. படிப்பின் பெரும்பகுதி மிஷனரிகளிடம்தான். அவர் கிறிஸ்தவராக மாறவில்லை. மாறாததோடு, இந்து சமயத்தின் மேல் மிஷனரிகள் வைத்த விமரிசனம் தன்னைக் காயப்படுத்தியது, அந்தக் காயமே தன்னைச் சொந்த மரபைப் படிக்க வைத்தது என்று பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்பது அந்த விமரிசனங்களில் ஒன்று. எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வுரை அதற்கு நேரடியான பதில். 1908-ல் அது நூலாகவும் வந்தது. வயது இருபதுதான். அவருடைய தத்துவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர். அந்தக் கட்டுரை வெளிவந்தால் ஆசிரியர் மனம் புண்படுமே என்று மாணவர் பயந்திருக்கிறார். ஹாக் அதை மனமாரப் பாராட்டினார். இதை எழுதி வைத்தவர் ஹாக் அல்ல, ராதாகிருஷ்ணன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுகிறோம். திருத்துகிறவருக்கு மாணவர் யார், எந்தக் கல்லூரி என்று தெரியக் கூடாதாம். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்ற அனுபவத்தில் வந்த ஏற்பாடு அது. தவறென்று சொல்ல மாட்டேன். ஹாக் கையில் இருந்த தாளில் டம்மி நம்பர் இல்லை. எழுதியவர் யார் என்று தெரியும். எந்தச் சமயத்துக்காக வாதாடுகிறார், அந்த வாதம் தம் போன்றவர்கள் மீதே பாய்கிறது என்பதும் தெரியும். ஹாக் வேதாந்தியாகிவிடவும் இல்லை. கர்மக் கொள்கையைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதி, அதில் எங்கே வேறுபடுகிறேன் என்று விளக்கியவர் அவர். உடன்படாத ஒருவருக்கு உரியதைக் குறைக்காமல் கொடுத்தார், அவ்வளவுதான். கிறிஸ்தவ நம்பிக்கை நடத்தையாக மாறும் இடம் இதுவே என்பது என் வாதம்: எதிரே இருப்பவர் நம்மவர் அல்ல, ஒருநாளும் ஆகப் போவதில்லை, அவருக்கு நியாயம் செய்வதால் நம் தரப்புக்குக் காலணா லாபமில்லை. அப்போது கை என்ன செய்கிறது?

மிஷனரி கல்வியே மதம் மாற்றத்தான் வந்தது, ஒரு பேராசிரியரைக் காட்டி அதற்கு வெள்ளையடிக்கிறீர்களா என்று கேட்கலாம். நோக்கம் அதுவாக இருந்தது உண்மை, ஆட்சியின் நிழல் மேலே இருந்ததும் உண்மை. அதனால்தான் இந்த உதாரணத்துக்கு எடை கூடுகிறது. அதே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை நாற்பதாண்டுக்கு மேல் நடத்திய வில்லியம் மில்லர், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்ற கணக்கு பெருகாததற்காகச் சொந்தச் சபையினரிடமே பேச்சுக் கேட்டார். தாராளம் இலவசமாக வரவில்லை. இதைவிடக் கடுமையான கேள்வி வேறொன்று உண்டு: சொந்தச் சபைக்குள் சாதி பார்ப்பவர்கள் வெளியாருக்கு நியாயம் செய்வதைப் பற்றிப் பேசலாமா? 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைப் பிரித்து வைக்க ஒரு சுவர். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. தேட விருப்பமும் இல்லை. விசுவாச அறிக்கையை ஞாயிறுதோறும் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டே சுவரையும் வைத்திருக்க முடிந்தது என்றால், சொல்லை வைத்து நம்பிக்கையை அளக்கக் கூடாது என்பதற்கு அந்தச் சுவரைவிடச் சான்று வேண்டுமா?

சரி, நேர்மை, இரக்கம் எல்லாம் நாத்திகரிடமும் இருக்கிறதே, இதில் கிறிஸ்தவம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. வேலூருக்கு 1946-ல் வந்து சேர்ந்த மிஷனரி டாக்டர் பால் பிராண்டை எடுத்துக்கொள்வோம். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என்று அன்று நம்பினார்கள். உணர்ச்சி செத்துப்போன கையில் காயம் பட்டால் தெரிவதில்லை, அதுதான் காரணம் என்று அவர் கண்டார். அப்படியும் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணவில்லை. காவலிருந்து பார்த்ததில், எலி வந்து கடித்துத் தின்றது; தூங்குகிறவருக்கு வலியில்லை, விழிப்பும் வரவில்லை. மருந்து என்ன? நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை. பூனை வளர்ப்பதில் கிறிஸ்தவம் எங்கே என்றால், பூனையில் இல்லைதான். யாரும் தொடக்கூடப் பயந்த ஒருவரின் விரல் ராத்திரியில் என்ன ஆகிறது என்று விழித்திருந்து பார்த்ததில் இருக்கிறது. அதை ஒரு நாத்திகரும் செய்யலாம். இயேசு சொன்ன கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் சமாரியன், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் மதம் கெட்டவன். நல்ல நடத்தைக்குக் காப்புரிமை கேட்கிற கிறிஸ்தவர் அந்தக் கதையைச் சரியாகப் படிக்கவில்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு நீங்கள் போகிற இடங்களுக்கு வருவோம். அரக்கோணத்தில் ரயிலேறிச் சென்னைக்கும், கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூருக்கும் போவீர்கள். ஷிப்ட் முடிகிற நேரம், இன்னும் அளக்காத பாகங்கள் இருபது, செக்‌ஷீட்டில் காலிக் கட்டங்கள் இருபது. முந்தின ஷிப்ட் அளவையே கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம். எழுதாதவனுக்குப் பிழைக்கத் தெரியாதவன் என்று பெயர். அந்தப் பெயர் வரும், சம்பளம் தாமதமாக உயரும், வராது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. சிலர் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காருவீர்கள். 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் பாதித் தெலுங்கில் பேசிக்கொண்டு, கையில் கசங்கிய விண்ணப்பத்தோடு ஒரு பாட்டி உங்கள் ஜன்னலுக்கு வருவார். பெயர், தெரு, சாதிச் சான்றிதழ், எந்தக் கட்சி வீடு, எல்லாம் அந்தத் தாளிலும் அவர் முகத்திலும் எழுதியிருக்கும். டம்மி நம்பர் ஒட்டித் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.