நம் முகமும் நம் கைப்பேசியும்
(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கைப்பேசியில் நல்ல புகைப்படம் எடுப்பது எப்படி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்வியும் வேலைவாய்ப்பும் பேச வேண்டிய மேடையில் இஃது ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பின்னர் என் தந்தையாரின் படம் நினைவுக்கு வந்தது. உடனே இசைந்தேன்.

என் தந்தையார் வாழ்நாள் முழுவதும் வெயிலில் நின்று உழைத்தவர். அவருடைய உருவம் என்று எங்களிடம் இருந்தது வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள சிறு படம் ஒன்றே. அவர் மறைந்தபோது அதனைப் பெரிதாக்கித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் சட்டமிட்டு வந்த படத்தைக் கண்ட என் தாயார், "இது யாருப்பா?" என்று கேட்டார். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருந்தார். என் தந்தையின் கறுத்த முகத்தை வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கங்களையும் துடைத்து விட்டிருந்தார். சுருக்கம் போயிற்று, அதனோடு என் தந்தையும் போய்விட்டார்.

இது அந்தக் கடைக்காரர் ஒருவரின் பிழையன்று. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. வண்ணப் படச்சுருள் காலத்தில், அச்சிடும் கூடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பதற்காக அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஷெர்லி என்னும் வெள்ளைக்காரப் பெண். அதனால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர் வழங்கிற்று. அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த மேனியர் படங்களில் நிழலாய்க் கரைந்து போயினர். பல நிறத்துப் பெண்களைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. கறுத்த மேனியைச் செவ்வனே காட்டும் முயற்சி என்று கூகுள் நிறுவனம் தன் கைப்பேசியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது 2021ஆம் ஆண்டில். கருவி யாரை எண்ணிச் செய்யப்பட்டதோ, அவரையே அது நன்கு காட்டும். ஆகவே, நம்மை அது நன்றாகக் காட்ட வேண்டுமாயின், அதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, வெளிச்சம். கேமரா தன் எதிரே உள்ள வெளிச்சத்தைச் சராசரி பார்த்துத் தன்னைச் சரிசெய்து கொள்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் பாட்டியை நிறுத்தினால், "வெளிச்சம் மிகுதி" என்று முடிவு செய்து அது முழுப்படத்தையும் இருளச் செய்யும். சுவர் அழகாக வரும், பாட்டி காணாமற் போவார். இதற்கு மருந்து எளிது. திரையில் முகத்தின் மீது விரலால் தொடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதனைச் சற்றே மேலே தள்ளுங்கள். நெற்றியின் கோடுகள் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் தள்ளினால் கடைக்காரர் செய்த வேலையை நாமே செய்தவராவோம்.

நடுப்பகல் வெயில் கண்குழியில் நிழலைக் கொட்டும். அதைத் தவிர்த்துத் திண்ணையிலோ, வாசற்படிக்கு உள்ளேயோ, வெளிச்சம் வரும் பக்கம் முகம் திரும்பியிருக்குமாறு அமர்த்துங்கள். பிளாஷ் வேண்டாம், அது கறுத்த மேனியில் எண்ணெய் வழிவது போன்ற பளபளப்பை உண்டாக்கும்.

இரண்டாவது, அழகூட்டும் ஏற்பாடு. பல கைப்பேசிகளில் 'பியூட்டி' என்ற ஒன்று நாம் கேளாமலே இயங்கிக் கொண்டிருக்கும். அது மேனியை வெளுக்கச் செய்யும், தழும்பை அழிக்கும். அதனை அணைத்துவிடுங்கள். உழைத்த முகத்துக்குத் திருத்தம் தேவையில்லை.

மூன்றாவது, நிற்கும் இடம். மிக நெருங்கினால் மூக்குப் பெருத்து முகம் கோணும். நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். தொலைவிலிருந்து ஜூம் செய்வதைக் காட்டிலும் நடந்து அருகே செல்வது மேல். கைப்பேசி, எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். தரையில் அமர்ந்திருக்கும் தாயை நின்றபடி மேலிருந்து எடுத்தால் அவர் சிறுத்துத் தெரிவார். நீங்களும் தரையில் அமருங்கள். நம்மவரைக் குனிந்து பார்த்தவர் பலர். நாமும் அவ்வாறு பார்க்கலாகாது.

இன்னும் சில சொல்வேன். எடுக்குமுன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை நடுங்காது. எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் பெரும்பாலும் தெளிவு குறையும், கோப்பாக அனுப்புங்கள். கைப்பேசி தொலைந்தாலும் படம் தொலையாதிருக்க, வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்திருங்கள்.

அமெரிக்காவில் 1818ஆம் ஆண்டு வாக்கில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வந்து, அடிமை முறையை எதிர்த்து முழங்கியவர் பிரடெரிக் டக்ளஸ். வெள்ளை ஓவியர்கள் கறுப்பரின் முகத்தை உள்ளவாறு வரைவதில்லை என்று அவர் வருந்தினார். எனவே கேமராவின் முன் மீண்டும் மீண்டும் சென்று அமர்ந்தார். அவருடைய படங்கள் ஏறத்தாழ 160 கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்பர். பெரும்பாலான படங்களில் அவர் சிரிப்பதில்லை, நேராகப் பார்க்கிறார். தன் முகத்தைப் பிறர் வரைய விட்டுவிடக் கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தந்து அமர விரும்புகிறேன். தலைமையாசிரியன் அல்லவா, பழக்கம் விடுவதில்லை! நம் தெருவில் உள்ள 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும், ஆளுக்கு ஒரு வீடாக, இம்மாதத்திற்குள் படமெடுங்கள். அவர் பெயர், ஊர், செய்த தொழில், எடுத்த நாள் ஆகியவற்றை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். அச்சிட்டு ஒரு படியை அவர் கையிலும், மற்றொன்றை நம் கழகத்திலும் கொடுங்கள். இக்கழகத்தின் பொன்விழா மலரைப் புரட்டும் குழந்தை எதுவும் தன் பாட்டனின் படத்தைக் காட்டி, "இது யார்?" என்று கேட்க நேரக் கூடாது.