நுரைக்கிற தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

புதிதாக போர் போட்டுத் தண்ணீர் மேலே வந்ததும் நம் ஊர்களில் மூன்று சோதனைகள் நடக்கும். ஒரு வாய் குடித்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்று மாலையே துவரம்பருப்பைப் போட்டு அது குழைகிறதா என்று பார்ப்பார்கள். துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றிலும் தேறிவிட்டால் அது நல்ல தண்ணி, இல்லாவிட்டால் உப்புத் தண்ணி அல்லது சப்பைத் தண்ணி. இவற்றை அறியாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டும்; கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடிப்பதால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு நெறுநெறுவென்றே இருக்கும். ஆக, நம் சமையலறைச் சோதனை தண்ணீரின் கடினத்தன்மையை ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறது. அது அதை மட்டும்தான் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பாறைப்பாங்கான மாவட்டங்களில், எந்தக் காரணத்தால் ஒரு தண்ணீர் இந்தச் சோதனையில் தேறுகிறதோ அதே காரணத்தால் அது பல்லுக்கும் எலும்புக்கும் நிலத்துக்கும் கெடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கருங்கல், நைஸ் போன்ற பாறைகளில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் தண்ணீரில் அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். ஆனால் நாளடைவில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்தோ, களிமண்ணில் உள்ள சோடியத்துக்கு இடம் மாறியோ குறைந்துவிடுகிறது. தடை விலகியதும் ஃபுளோரைடு ஏறுகிறது. இப்போது அந்தத் தண்ணீரில் கால்சியம் குறைவு, சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம். சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கும், பருப்பு வெண்ணெய்போல் குழையும். ஃபுளோரைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்கில் படும் சுவையும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் பருவத்தில் குடித்து வளரும் குழந்தைக்குப் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது, எனாமல் சொரசொரக்கிறது. மிக அதிகமாக உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டுகளும் இறுகி வளையாமல் போகின்றன. இந்தியாவில் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்நோய் முதன்முதலாக 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பதிவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

இதே தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால் இன்னொரு கதை. வேளாண் ஆய்வகத்தில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழிப்பார்கள். லிட்டருக்கு 1.25 மில்லிச்சமானத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 2.5ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சக் கூடாது. ஏனென்றால் மண்ணில் உள்ள கால்சியத்தை அந்தத் தண்ணீர் சுண்ணாம்பாகப் படியவைத்துவிட்டு, அந்த இடத்தில் சோடியத்தை உட்காரவைக்கிறது. களித்துகள்கள் பிரிந்து சிதறி மண்ணின் கண்களை அடைத்துக்கொள்கின்றன. பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் பாத்தியிலேயே நிற்கும்; காய்ந்தால் மேல்மண் ஓடுபோல் இறுகும்; விதைத்தது முட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் உள்ளேயே அழுகும். மண் களராகிக்கொண்டிருக்கும். விவசாயி விதையைக் குறை சொல்லுவார், உரத்தைக் குறை சொல்லுவார். அடுப்படியில் நல்ல பெயர் வாங்கிய தண்ணீரின் மேல் அவருக்குச் சந்தேகமே வராது. மறுபக்கம், பருப்பு வேகாத கடினநீர், மொத்த உப்பு அளவு மீறாமல் இருந்தால், பயிருக்கு ஒத்துவரக்கூடும். அதில் உள்ள கால்சியம் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். நைட்ரேட்டும் இப்படித்தான். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது குடிநீரில் இருக்கக் கூடாது. கைக்குழந்தையின் பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தை நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. வயலிலோ அதே தண்ணீர் ஒரு லட்சம் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தழைச்சத்தைக் கொண்டுவருகிறது. தெரிந்தால் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே தண்ணீர் நல்லதா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எதற்கு நல்லது என்று கேட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு டிடிஎஸ் பேனா வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்து, ஒரு பொது எண்ணால் பெருக்கி, மொத்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 500 என்று காட்டும் தண்ணீரில் 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு ஆயிரத்தில் மூன்று பங்குதான். அது இரட்டிப்பானாலும் பேனாவின் எண்ணில் தெரியாது. கழிவுத்தொட்டியிலிருந்து கசிந்த கிருமி அதன் கணக்கிலேயே வராது.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்பவர்களும் உண்டு. அவர்கள் குடித்தது பெரும்பாலும் மழை வந்தால் நிறைந்து கோடையில் வற்றும் திறந்த கிணற்று நீர். இன்று நாம் குடிப்பது அதே நிலத்துக்கு அடியில், பல நூறு அடி ஆழத்தில், பாறைக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீர். இடம் ஒன்றுதான், தண்ணீர் வேறு. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம் என்றால், கிருமிக்கு அது நல்ல மருந்து; ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகாது, நீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்ஓ இயந்திரம் ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும் என்பது உண்மை. சவ்வு பழுதாகிவிட்டதா என்பதை அறிய அதிலிருந்து வரும் தண்ணீரையும் சோதித்துத்தான் ஆக வேண்டும். தவிர, இரண்டு ஏக்கருக்கு யாரும் ஆர்ஓ நீர் பாய்ச்சப் போவதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. இருப்பது ஒரே போர், கெட்டது என்று தெரிந்து என்ன செய்வது? இதற்கு வங்கதேசத்தின் அனுபவம் பதில் சொல்கிறது. குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் போடப்பட்டன. நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1990களில்தான் உண்மை வெளிவந்தது. பிறகு சுமார் 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். சில வீடுகள் தள்ளி இருந்த பச்சைக் குழாய்க்குப் பல குடும்பங்கள் குடத்தோடு மாறிப் போயின. ஒரே ஊரில் அடுத்தடுத்த குழாய்களில் நீர் வேறுபட்டதால்தான் இது முடிந்தது. நம் பாறை நிலத்திலும் அந்த வேறுபாடு உண்டு. ஃபுளோரைடு மிகுந்த போர் நீரைத் துவைக்கவும் புழங்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்தலாம். சோடியம் மிகுந்த நீர் பாயும் வயலுக்கு ஜிப்சம் இடலாம். எவ்வளவு இடுவது என்பது ஆய்வு முடிவைப் பார்த்தால்தான் தெரியும். உப்பு மிகுந்தால் பீன்ஸை விட்டுப் பருத்திக்கு மாறலாம்.

குடிநீருக்கு மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் அளித்திருக்கிறார்கள். மாதிரி எடுக்கும் விதம் தவறினால் எந்த ஆய்வகமும் உதவாது. மோட்டாரைப் போட்டதும் வருவது குழாயில் தேங்கியிருந்த நீர். பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் பிடிக்காமல் போரின் வாயிலேயே பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடுங்கள். குளிர்பான வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ள பாட்டில் வேண்டாம். தேதி, கிணற்றின் ஆழம், குடிக்கவா பாசனத்துக்கா என்பதை மேலே எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தப் பாட்டில் ஆகாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறை என்று எடுத்தால் அந்தக் கிணற்றின் போக்கு பிடிபடும். முடிவுத்தாள் வந்ததும் குடிநீருக்கு ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய மூன்றையும், பாசனத்துக்கு மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன், எஞ்சிய சோடியம் கார்பனேட் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று தாளில் விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.